தகடூர் வழியில் தங்குமிடங்கள்



ஓர் ஊரின் வரலாற்றை அரண்மனையிலிருந்து எழுதலாம், கோயிலிலிருந்தும் எழுதலாம். வழிப்போக்கன் இரவில் தலைசாய்த்த திண்ணையிலிருந்து எழுதுவோர் குறைவு. ஆயினும் ஓர் ஊர் தன் மக்களை எவ்வாறு நடத்தியது என்பதை அரசாணைகள் சொல்லும். தனக்கு யாரென்றே தெரியாத மனிதனை எவ்வாறு நடத்தியது என்பதைச் சத்திரமும் சாவடியும்தாம் சொல்லும். தர்மபுரி என்று இன்று வழங்கும் பழந்தகடூரின் சத்திரங்கள், சாவடிகள், கள்ளுக்கடைகள், உணவுக்கடைகள் ஆகியவற்றின் கதை அந்த நோக்கிலேயே இங்கே எடுத்துரைக்கப்படுகிறது.

இப்பொருளைத் தகடூரில் பேசுவதற்குத் தனியொரு பொருத்தம் உண்டு. விருந்தோம்பலைப் பாடாத தமிழ்ப் புலவர் இல்லை. எனினும் வாயிற்கதவையே பாடுபொருளாக்கி, அதன் முன் நின்று உரிமையோடு வாயிற்காவலனிடம் வழக்காடிய புலவர் ஔவையார். அவர் நின்ற வாயில் அதியமான் நெடுமான் அஞ்சியின் வாயில். தங்குமிடம் என்ற ஒன்றிற்குத் தமிழிலக்கியம் வகுத்த அளவுகோல் இம்மண்ணில்தான் உருவாயிற்று எனலாம்.

சொல்லில் தொடங்குவது தகும். ஊருக்குப் பொதுவான இல்லத்தைப் பழந்தமிழர் 'பொதியில்' என்றனர். பொது, இல் என்னும் இரு சொற்களின் சேர்க்கை அது. புதிதாக ஊருக்கு வந்தோர் பொதியிலில் தங்கும் காட்சி பட்டினப்பாலையில் உண்டு. மன்றம், அம்பலம் என்பனவும் அவ்வினத்தைச் சேர்ந்தவையே. புகார் நகரில் 'உலக அறவி' என்னும் பொதுமன்றத்தில் நின்றுதான் மணிமேகலை அமுதசுரபியைக் கையில் ஏந்திப் பசித்தோர்க்குச் சோறிட்டாள் என்று சாத்தனார் பாடினார். உலகம் முழுமைக்குமான அறத்தின் இடம் என்று பொருள்படும் அப்பெயரைக் காட்டிலும் அகன்ற பெயரை எந்த விடுதிக்கும் எவரும் இன்றுவரை சூட்டியதில்லை. 'சத்திரம்' வடசொல் வழி வந்தது. 'சாவடி' தெலுங்கோடு உறவுடையது. ஆங்கிலேயர் அச்சொல்லைத் தம் நாவுக்கேற்பத் திரித்து, 'சௌல்ட்ரி' என்று தம் மொழியிலேயே சேர்த்துக்கொண்டனர். 'விருந்து' என்னும் சொல்லோ பழந்தமிழில் புதுமையைக் குறித்தது. உறவினர் விருந்தினர் ஆகார். புதிதாய் வந்தவரே விருந்தினர். இந்த ஒரு சொல்லைக் கருத்தில் நிறுத்தினால் பின்வரும் வரலாறு முழுவதும் விளங்கும்.

தகடூர்ப் பகுதியின் அரசர் ஒருவர் தங்குமிடம் அளித்ததற்குக் கல்லே சான்று பகர்கிறது. திருக்கோவலூரை அடுத்த ஜம்பை என்னும் ஊரின் குன்றில், 1981ஆம் ஆண்டில் தமிழ்நாடு தொல்லியல் துறையினர் ஒரு தமிழ் பிராமிக் கல்வெட்டைக் கண்டறிந்தனர். சதியபுதோ அதியன் நெடுமான் அஞ்சி ஈத்த பாளி என்பது அதன் செய்தி. பாளி என்பது துறவியர் தங்கும் உறைவிடம். இக்கல்வெட்டு வெளிப்படும்வரை, அசோகர் தம் கல்வெட்டுகளில் சோழர், பாண்டியர், கேரளபுத்திரர் ஆகியோரோடு சேர்த்துக் கூறிய 'சதியபுத்திரர்' யார் என்பது அறிஞரிடையே முடிவுறாத வழக்காக இருந்தது. ஒற்றை வரிக் கல்வெட்டு அவ்வழக்கைத் தீர்த்தது. அதியமானே அவன் என்பது உறுதியாயிற்று. அறிஞர் உலகம் அக்கல்வெட்டைக் குலப்பெயருக்காகவே கொண்டாடியது. அதில் மன்னன் செய்ததாகக் கூறப்படும் செயலோ, பிறருக்கு உறைவிடம் ஈந்தது. போரில் வென்றதையோ கோட்டை எழுப்பியதையோ அவன் கல்லில் பொறிக்கச் செய்யவில்லை. சங்கப் பாடல்களில் மட்டும் வாழ்ந்த மன்னன் கல்லில் முதன்முதலாகத் தோன்றும்போது, தங்குமிடம் ஈந்தவனாகவே தோன்றுகிறான்.

அசோகரின் இரண்டாம் பாறைக் கல்வெட்டு மேலும் ஒரு செய்தியைத் தருகிறது. சதியபுத்திரர் நாடு உள்ளிட்ட எல்லைப்புற நாடுகளிலும் மனிதர்க்கும் விலங்குகளுக்கும் மருத்துவ வசதி செய்யப்பட்டது என்றும், சாலைகளில் கிணறுகள் தோண்டப்பட்டு மரங்கள் நடப்பட்டன என்றும் அது கூறுகிறது. சத்திரம் என்னும் கட்டடம் எழுவதற்கு முன்பே அதன் மூன்று உறுப்புகளான நீர், நிழல், மருந்து ஆகியவை வழியோரத்தில் எண்ணப்பட்டுவிட்டன.

கட்டடமே இல்லாமல் ஒரு நாடு முழுவதும் சத்திரமாக விளங்கிய காலமும் உண்டு. ஆற்றுப்படை நூல்கள் அக்காலத்தின் பயணக் கையேடுகள். பெருங்கௌசிகனார் பாடிய மலைபடுகடாம் கூத்தர்க்கு வழிகாட்டும் செங்கண்மா, தர்மபுரி மாவட்டத்தின் கிழக்கெல்லையை ஒட்டி அமைந்த இன்றைய செங்கம். எந்த மலைச்சரிவில் கால் வழுக்கும், எங்கே காட்டு விலங்குக்கு அஞ்ச வேண்டும், எந்தச் சிற்றூரில் தினைச்சோறு கிடைக்கும், ஆயர் குடிலில் எது கிடைக்கும், உழவர் இல்லத்தில் எது கிடைக்கும் என்று அந்நூல் அடுக்கிச் செல்கிறது. உணவை விலைக்கு விற்கும் இடம் எதுவும் அவ்வழியில் கூறப்படவில்லை. தேவைப்படவில்லை என்பதே காரணம். வழியில் உள்ள ஒவ்வொரு குடியும் ஒரு விடுதி.

அத்தகைய நாட்டில் ஔவையார் அஞ்சியைப் பாடிய திறம் கவிஞர்கள் மீண்டும் மீண்டும் எண்ணத்தக்கது. ஒரு நாள் சென்றாலும், இரு நாள் சென்றாலும், பலநாள் பலரோடு சென்றாலும் முதல் நாள் காட்டிய விருப்பத்தையே காட்டுவான் அவன் என்பது ஒரு பாட்டின் கருத்து. விருந்து புதுமை என்றால், அப்புதுமை பழகப்பழகக் கெடாமல் காப்பவனே விருந்தோம்புவோன் என்னும் நுட்பம் அதில் உள்ளது. பரிசில் தருவதற்குக் காலம் நீட்டித்தபோது அதே ஔவையார் வாயிற்காவலனை நோக்கிச் சினந்து பாடியதும் புறநானூற்றில் இருக்கிறது. புகழ்ந்த வாயே இடித்துரைத்தது. புலவரின் இடித்துரையையும் தாங்கி நின்றது அவ்வாயில்.

இவற்றிலும் கூரிய சான்று பெருஞ்சித்திரனார் பாடல். மலையும் காடும் கடந்து அவர் அஞ்சியிடம் வந்தார். அஞ்சி அவரை நேரில் காணாமலே பொருளைக் கொடுத்தனுப்பினான். புலவர் ஏற்க மறுத்தார். முகம் காணாது தந்த பொருளைக் கொண்டு செல்வதற்குத் தாம் வாணிகர் அல்லர் என்றும், தம் தகுதியை அறிந்து விரும்பித் தந்தால் தினையளவே ஆயினும் இனிது என்றும் உரைத்தார். வள்ளலென்று போற்றப்பட்டவனையே நிறுத்துப் பார்த்த தராசு அது. கொடுத்தலும் விருந்தோம்பலும் ஒன்றல்ல. முகம் பார்க்காமல் கொடுப்பது படியளத்தல். முகம் பார்த்துக் கொடுப்பதே விருந்து. இவ்வேறுபாட்டைக் கைவிளக்காகக் கொண்டு பிற்காலத் தங்குமிடங்களின் உள்ளே நுழையலாம்.

வாணிகம் பெருகியபோது வழிகள் பெருவழிகள் ஆயின. வீடுதோறும் விருந்துண்டு செல்லும் கூத்தர் கூட்டத்திற்குப் பதிலாக, பொதிமாடுகளோடும் கூலியாட்களோடும் வரும் வணிகர் குழு வழியை நிறைத்தது. அவ்வளவு பேரை ஒரு குடியால் ஏற்க இயலாது. அவர்களுக்கென்று தனியிடம் வேண்டியதாயிற்று. தர்மபுரி மாவட்டத்தில் கிடைத்த, 13ஆம் நூற்றாண்டைச் சார்ந்தவை எனக் கருதப்படும் இரு வழிக்கற்கள் இதற்கு அரிய சான்றுகள். 'அதியமான் பெருவழி' என்று வழியின் பெயரைச் சொல்லி, 'நாவல் தாவளம்' என்னும் இடத்திற்கு 27 காதம் என்று ஒரு கல்லும், 29 காதம் என்று மற்றொரு கல்லும் அறிவிக்கின்றன. தாவளம் என்பது வணிகர் பொதியிறக்கித் தங்கி வாணிகம் செய்யும் இடம். இக்கற்கள் தொலைவைக் கணக்கிடுவது அரண்மனைக்கு அன்று, கோயிலுக்கும் அன்று, தங்குமிடத்திற்கு.

அக்கற்களில் இன்னொரு சிறப்பும் உண்டு. தொலைவை எழுத்தால் எழுதி, எண்ணால் பொறித்து, அதன்கீழ்க் குழிகளாகவும் வெட்டியிருக்கிறார்கள். பெரிய குழி பத்தைக் குறிக்கும். சிறிய குழி ஒன்றைக் குறிக்கும். இரு பெரிய குழிகளும் ஏழு சிறு குழிகளும் இருந்தால் 27. படிக்கத் தெரிந்தவன் படித்துக்கொள்வான். படிக்கத் தெரியாத மாட்டுக்காரன் விரலால் தடவி அறிந்துகொள்வான். இருட்டில் வருபவனுக்கும் அது பயன்படும். கல்லை நட்டவர் பெயர் தெரியவில்லை. எழுத்தறியாதவனையும் வழிப்போக்கனாக மதித்த அவர் உள்ளம் மட்டும் அக்குழிகளில் தெரிகிறது. பொதுமக்களுக்கென எழுதும் எவரும் ஒருமுறையேனும் அக்குழிகளைத் தொட்டுப் பார்ப்பது நன்று.

நாயக்கர், மராத்தியர் காலங்களில் சத்திரம் என்னும் அமைப்பு முழு வடிவம் பெற்றது. மதுரையில் இராணி மங்கம்மாளின் பெயர் தாங்கி நிற்கும் சத்திரமும், ஒரத்தநாட்டில் இரண்டாம் சரபோசி மன்னர் 1802ஆம் ஆண்டில் முத்தாம்பாள் பெயரால் நிறுவிய சத்திரமும் பலரும் அறிந்தவை. இராமேசுவரத்திற்குச் செல்லும் வழியில் இருந்த தஞ்சைச் சத்திரங்கள் கும்பினியார் கைக்குப் போய்விடும் என்று அஞ்சிய சரபோசி, அவற்றைத் தம் பொறுப்பிலேயே விட்டுவைக்குமாறு 1801ஆம் ஆண்டில் ஆங்கில அதிகாரிக்கு எழுதினார். ஒரு சத்திரத்தின் உள்நடைமுறையை அக்கடிதம்போல் விரித்துரைக்கும் ஆவணம் அரிது. எல்லாச் சாதியினருக்கும் அங்கே சோறிடப்பட்டது. பிறர் சமைத்ததை உண்ண விரும்பாதோர்க்கு அரிசியும் பிற பொருள்களும் சமைக்காமலே அளக்கப்பட்டன. நள்ளிரவில் மணியடித்து, இன்னும் உண்ணாதவர் எவரேனும் உளரோ என்று கூவி அழைத்தனர். நோயுற்று நடக்கமுடியாதவர்க்கு மருத்துவம் செய்யப்பட்டது. குழந்தைகளுக்குப் பால் கிடைத்தது. கருவுற்ற பெண்கள் பேணப்பட்டனர். வழியில் இறந்தவர்க்கு அவரவர் முறைப்படி இறுதிக்கடன் ஆற்றப்பட்டது. நாட்டின் ஆட்சியைக் கும்பினியாரிடம் இழந்துகொண்டிருந்த மன்னர், விட்டுவிடாமல் பற்றி நிற்க விரும்பிய உரிமை சோறிடும் உரிமை.

அரச குலங்கள் கட்டிய பெருஞ்சத்திரங்கள் அவை. தர்மபுரி போன்ற மேட்டு நிலப் பகுதியின் தங்குமிடங்கள் எளியவை. நாற்புறம் கல்தூண், மேலே கல்பாவிய கூரை, அருகில் ஒரு கிணறு, நிழலுக்குப் புளியமரம் அல்லது ஆலமரம், சாவடி அவ்வளவே. அதன் முன்னே நிற்கும் சுமைதாங்கிக் கல், வழிநடப்பவன் பிறர் துணையின்றித் தலைச்சுமையை இறக்கவும் ஏற்றவும் உதவும். கருவுற்ற நிலையில் இறந்த பெண்ணின் நினைவாகச் சுமைதாங்கி நடுவது தமிழ்நாட்டு ஊர்களின் வழக்கம். இறக்காத சுமையோடு போனவளின் பெயரால், பிறர் சுமை இறங்கட்டும் என்று நட்ட கல் அது. கோடையில் தண்ணீர்ப் பந்தலும் நீர்மோரும் சேரும். உணவும் இடுவதாயின் அது அன்னசத்திரம். அதற்கு நிலமானியம் வேண்டும்.

இவ்விடங்களின் இடைவெளியை வகுத்தது மனிதனின் காலும் மாட்டின் காலும். ஒரு பகலில் வண்டி மாடு எவ்வளவு தொலைவு போகுமோ அவ்வளவில் ஒரு தங்கல். கணவாய் ஏறுமுன் மாடுகள் இளைப்பாற வேண்டும். இரவில் காட்டுவழி போகத் துணைவண்டிகள் சேர வேண்டும். ஆகவே கணவாயின் அடிவாரத்தில் தங்கல் இன்றியமையாதது. சேலத்திற்கும் தர்மபுரிக்கும் இடைப்பட்ட தொப்பூர்க் கணவாய் அத்தகையது. ஒகேனக்கல்லில் ஆடிப்பெருக்கு நீராடப் போவோரும், அரூரை அடுத்த தீர்த்தமலைக்குப் போவோரும் வழிநெடுகத் தங்கித் தங்கியே சென்றனர். ஒட்டன்சத்திரம், வேலப்பன்சாவடி போன்ற ஊர்ப்பெயர்கள் தமிழகத்தின் வேறு பகுதிகளில் இவ்வரலாற்றை இன்னும் ஏந்தி நிற்கின்றன. திருச்சிராப்பள்ளியில் ஒரு பேருந்து நிலையத்தின் பெயரே சத்திரம்.

1792ஆம் ஆண்டுச் சீரங்கப்பட்டண உடன்படிக்கையால் பாராமகால் கும்பினியார் வசமாயிற்று. கேப்டன் அலெக்சாண்டர் ரீடின் கீழ் நிலவரித் திட்டத்தை வகுக்க வந்த தாமஸ் மன்றோ அந்த ஆண்டுகளில் தர்மபுரியில் வாழ்ந்தார். பின்னாளில் சென்னை மாகாண ஆளுநரும் ஆனார். புதிய ஆட்சி புதிய வகைத் தங்குமிடத்தையும் கொணர்ந்தது. அதிகாரிகளுக்கும் ஐரோப்பியப் பயணிகளுக்கும் பயணியர் பங்களாக்கள் எழுந்தன. மக்கள் அவற்றை முசாபரி பங்களா என்றனர். பழைய சத்திரங்களின் மானியங்களோ அரசின் கணக்குக்குள் வந்தன. கோயில்கள், பாலங்கள், சத்திரங்கள் ஆகியவற்றின் அறக்கொடைகளை வருவாய் வாரியத்தின் மேற்பார்வையில் வைத்தது 1817ஆம் ஆண்டின் ஏழாம் ஒழுங்குவிதி. அறக்கொடையை விழுங்கியோரைத் தடுக்க அது உதவியது என்பது உண்மை. அதே நேரத்தில், சத்திரம் ஊரார் உள்ளத்திலிருந்து பெயர்ந்து அலுவலகத்துக் கோப்புக்குள் குடியேறத் தொடங்கியதும் அதனால்தான். முகம் காணாத ஈகை என்று பெருஞ்சித்திரனார் மறுத்தாரே, அதன் நிறுவன வடிவம் இது.

அடுத்து வந்தது புகைவண்டி. சென்னையிலிருந்து சேலம் வழியாகச் செல்லும் பெரும்பாதையில் உள்ள மொரப்பூரிலிருந்து தர்மபுரிக்குக் குறுகிய அகலப் பாதை ஒன்று 1906ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. பின்னர் ஓசூர்வரை நீண்டது. பஞ்சம் வந்தால் தானியம் கொண்டு சேர்க்க வேண்டும் என்ற நோக்கத்தோடு போடப்பட்ட பாதை அது. இரண்டாம் உலகப் போரின்போது, 1941ஆம் ஆண்டில் அது மூடப்பட்டது. மாடு பல பகல் நடந்த தொலைவைப் புகைவண்டி சில மணிகளில் கடந்ததால், இடைவழிச் சாவடிகளின் வேலை போயிற்று. எவரும் அவற்றை இடிக்கவில்லை. அங்கே இறங்குவோர் இல்லை; அவ்வளவுதான்.

ஆயினும் புகைவண்டி எல்லோரையும் ஏற்றிக்கொள்ளவில்லை. விடுதலை வீரர் சுப்பிரமணிய சிவா சிறையில் தொழுநோய்க்கு ஆளாகி வெளிவந்தார். தொழுநோயாளர் புகைவண்டியில் பயணம் செய்யக்கூடாது என்ற விதி அவரைத் தடுத்தது. 'ஞானபாநு' இதழை நடத்திய அந்த எழுத்தாளர், உடலெங்கும் புண்ணோடு கால்நடையாகவும் கட்டைவண்டியிலும் ஊர் ஊராகச் சென்று பேசினார். இறுதியில் தர்மபுரியை அடுத்த பாப்பாரப்பட்டியில் பாரதாசிரமம் அமைத்தார். அங்கே பாரதமாதா கோயில் கட்ட விரும்பினார். 1923ஆம் ஆண்டில் அதற்குச் சித்தரஞ்சன் தாஸ் அடிக்கல் நாட்டினார். 1925ஆம் ஆண்டு ஜூலை 23ஆம் நாள் சிவா அங்கேயே மறைந்தார். இருப்புப்பாதை ஏற்க மறுத்த ஒரு வழிப்போக்கருக்குத் தகடூர் மண் கடைசித் தங்குமிடமாயிற்று. இம்மாவட்டத்தின் தங்குமிடங்களைப் பட்டியலிடுவோர் பாப்பாரப்பட்டியை விட்டுவிடலாகாது.

இவ்விடத்தில் கசப்பான ஒரு செய்தியையும் மறைக்காமல் சொல்லியாக வேண்டும். சத்திரக் கதவுகள் எல்லார்க்கும் ஒருபடித்தாகத் திறந்திருக்கவில்லை. குறிப்பிட்ட சாதியார்க்கு மட்டும் என்று சாசனம் எழுதிய சத்திரங்கள் இருந்தன. எல்லார்க்கும் சோறிட்ட இடங்களிலும் பந்தி வேறு, இடம் வேறு. கிணறு பொது என்பார்கள். கயிற்றைத் தொடும் உரிமை பொதுவாக இராது. விருந்து என்றால் புதியவர் என்று பொருள் கண்ட மொழியில், புதியவரிடம் முதலில் கேட்கப்பட்ட கேள்வி சாதி என்ன என்பதாயிற்று. இந்நிலைக்கு மாற்றாக வடலூரில் 1867ஆம் ஆண்டு மே 23ஆம் நாள் வள்ளலார் சத்திய தருமச்சாலையைத் தொடங்கினார். பசி ஒன்றே அங்கே நுழைவதற்குரிய தகுதி. அன்று மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையவில்லை.

சோற்றை விற்கும் கடைகள் வந்தபோது காசு எல்லாரையும் சமமாக்கிவிடும் என்று தோன்றியது. அவ்வாறு ஆகவில்லை. காபி கிளப்புகளிலும் புகைவண்டி நிலைய உணவகங்களிலும் பிராமணர்க்கு ஓரிடம், மற்றவர்க்கு ஓரிடம் என்று பிரித்தனர். பெரியாரும் அவர் இயக்கத்தாரும் போராடியதன் விளைவாக, 1941ஆம் ஆண்டில் புகைவண்டி நிலைய உணவகங்களில் அப்பிரிவினை நீங்கியது. 1950ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்த இந்திய அரசமைப்பின் 15ஆம் பிரிவு, கடை, உணவகம், விடுதி, கிணறு, குளம், சாலை என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி, அவற்றில் எவரையும் சாதி, மதம் முதலியவை காட்டித் தடுக்கலாகாது என்றது. 1955ஆம் ஆண்டின் தீண்டாமைக் குற்றச் சட்டம் இன்னும் ஒருபடி இறங்கி வந்தது. சத்திரங்களைத் தனியே குறிப்பிட்டதோடு, உணவகத்திலும் சத்திரத்திலும் பொதுமக்களுக்கென வைத்துள்ள பாத்திரங்களைப் பயன்படுத்தும் உரிமையையும் சேர்த்தே எழுதியது. நாட்டின் பெருஞ்சட்டம் ஒரு குவளை அளவுக்குக் குனிந்து எழுத நேர்ந்தது ஏன் என்பதை எவருக்கும் விளக்க வேண்டியதில்லை. அச்சட்டத்திற்குப் பின்னும் தமிழகத்துச் சிற்றூர்த் தேநீர்க் கடைகளில் இரட்டைக் குவளை நெடுங்காலம் நீடித்தது. ஔவையார் நின்ற வாயிலைப் பாடத்தில் படித்தவர்களே அக்கடைகளின் பெஞ்சிலும் அமர்ந்திருந்தார்கள்.

கள்ளுக்கடையின் கதை தனி. அஞ்சி இறந்தபோது ஔவையார் பாடிய கையறுநிலைப் பாட்டு கள்ளைக் கொண்டே தொடங்குகிறது. சிறிதளவே கிடைத்தால் புலவர்க்கே கொடுத்துவிடுவான். நிறையக் கிடைத்தால் புலவர் பாடத் தானும் மகிழ்ந்து உண்பான் என்று அவர் நினைவுகூர்கிறார். அங்கே கள் பகிர்வின் அடையாளம். கும்பினி ஆட்சியிலும் அதன் பின்னரும் அது அரசின் வருவாய் ஆயிற்று. கடைகள் ஏலத்தில் போயின. பனையும் ஈச்சும் தந்த நீர், குத்தகைக்காரன் கல்லாவுக்கும் அங்கிருந்து கருவூலத்துக்கும் போகும் காசானது. இறக்குபவனும் ஏழை, குடிப்பவனும் ஏழை. கூலி கிடைத்த மாலையிலேயே அது கரைந்தது.

அதனை எதிர்த்த இயக்கத்திற்குத் தமிழிலக்கியத்தோடு நேர்த்தொடர்பு உண்டு. திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் 1925ஆம் ஆண்டில் இராஜாஜி நிறுவிய காந்தி ஆசிரமத்திலிருந்து, மதுவிலக்குக்கென்றே 'விமோசனம்' என்னும் இதழ் வெளிவந்தது. கல்கி அதில் பணியாற்றினார். 1937ஆம் ஆண்டில் இராஜாஜி சென்னை மாகாணத்தின் முதலமைச்சரானதும், அக்டோபர் முதல் நாள், மதுவிலக்கு முதன்முதலாகச் சேலம் மாவட்டத்தில் நடைமுறைக்கு வந்தது. தர்மபுரி அன்று சேலம் மாவட்டத்தின் பகுதி. 1965ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள்தான் தனி மாவட்டமாயிற்று. ஆகவே இம்மண்ணின் கள்ளுக்கடைகள் மாகாணத்தின் பிற பகுதிகளுக்கு முன்பே மூடப்பட்டன. இழந்த வருவாயை ஈடுசெய்ய 1939ஆம் ஆண்டில் விற்பனை வரி வந்தது. 1948ஆம் ஆண்டில் மாகாணம் முழுவதும் மதுவிலக்கு பரவியது. 1971இல் தளர்ந்தது, 1974இல் மீண்டது, 1981இல் கடைகள் திறந்தன, 1987இல் கள் விற்பனை மீண்டும் நின்றது. 2003ஆம் ஆண்டு முதல் அரசு நிறுவனமே மதுவைச் சில்லறையில் விற்கிறது. இவற்றுள் எது சரி, எது பிழை என்று தீர்ப்பது இவ்வவையின் பணி அன்று. ஆனால் ஒன்றைக் கவிஞர் கவனிக்கலாம். பகிர்ந்து உண்ட காலத்தில் கள்ளைப் பற்றி ஒரு கையறுநிலை பிறந்தது; விற்று உண்ட காலத்தில் கணக்கும் வழக்கும் பிறந்தன.

ஆக, அஞ்சியின் பாளியிலிருந்து பேருந்து நிலையத்துத் தேநீர்க் கடைவரை நீளும் இவ்வரலாற்றை அளக்கும் கோல் இரண்டே. கதவு யாருக்குத் திறந்தது? உள்ளே வந்தவரின் முகத்தை ஏறிட்டுப் பார்த்தார்களா? தூணின் அழகும் மானியத்தின் அளவும் அடுத்தவையே. முதல் கேள்விக்கு விடை தேட அரசமைப்பு வரை வர வேண்டியிருந்தது. இரண்டாம் கேள்வியைச் சட்டத்தால் தீர்க்க இயலாது. அது பெருஞ்சித்திரனார் கேட்ட கேள்வி.

இனி, இவ்வட்டத்தின் முன்னுள்ள ஒரு கடமை. தொப்பூர்க் கணவாய் வழிப் பெருஞ்சாலை இன்று தேசிய நெடுஞ்சாலை 44. சாலை அகலமாகும்போதெல்லாம் முதலில் அகற்றப்படுவன ஓரத்தில் நிற்பவையே: கேணி, புளியமரம், சுமைதாங்கி, சாவடி. கோயிலுக்கு வழக்காட அறங்காவலர் உண்டு. சுமைதாங்கிக்கு யாரும் இல்லை. இவ்வட்டத்தின் உறுப்பினர்கள் மாவட்டத்தின் பல ஊர்களைச் சேர்ந்தவர்கள். ஒவ்வொருவரும் தம் ஊர் எல்லைக்குள் எஞ்சியுள்ள சாவடி எது, கிணறு எது, அதைக் கட்டியவர் பெயர் தூணில் உள்ளதா, அங்கே யாரை உள்ளே விட்டார்கள், யாரை வெளியே நிறுத்தினார்கள் என்று முதியோரிடம் கேட்டு எழுதி வைத்தால் போதும். வெளியே நிறுத்தப்பட்டவர் வீட்டு முதியோரிடமும் தவறாமல் கேட்க வேண்டும். அவர்கள் சொல்லாத வரலாறு பாதி வரலாறே. அதியமான் பெருவழிக் கற்கள் தப்பிப் பிழைத்ததால்தான் அப்பெருவழியின் பெயர் இன்று தெரிகிறது. ஏட்டில் ஏறாத கல் இருப்பதும் ஒன்றுதான், இல்லாததும் ஒன்றுதான்.

பத்தாண்டுகளாக இவ்வட்டம் கூடுவதும் ஒரு பொதியிலில்தான். முதற்கவிதையை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, படிக்கலாமா என்று தயங்கி வாயிலில் நிற்கும் இளைஞர் ஒவ்வொரு கூட்டத்திலும் ஒருவர் இருக்கக்கூடும். அவர்தான் இவ்வட்டத்தின் விருந்து. பத்தாம் ஆண்டில் வருபவருக்கும் முதலாம் ஆண்டின் முகமே காட்டப்படுமாயின், தகடூர் வாயிலின் மரபு இங்கே தொடர்கிறது என்று பொருள். அம்மரபு நீடுக, வட்டம் வாழ்க.